தொய்வு உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தபோது: வன்னியில் நாங்கள் பட்டதும் பார்த்ததும்

கிளிநொச்சியிலிருந்து

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு வருத்தம், அதாவது அஸ்மா. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டும்போது மெஷின் கிளப்புகிற தூசியும், பிறகு வைக்கோல் எரிக்கிற புகையும் சேர்ந்து நெஞ்சை இறுக்கிவிடும். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டதும் அந்தப் பருவத்தில்தான். சுவாச நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தொற்றினால் நான் தப்பமாட்டேன் என்றே நினைத்திருந்தேன். அடுத்த வருடம் தொற்றியது, தப்பினேன். நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள், பயந்துகொண்டிருக்கிற யாருக்காவது உதவும்.

தொய்வை அடக்கி வைக்க நாளாந்தம் இழுக்கிற மண்ணிறப் பம்பைப் பற்றி அப்போது ஊரில் ஒரு கதை பரவியிருந்தது. "உந்த மண்ணிறப் பம்பில ஸ்டீரொய்ட் கிடக்குது பிள்ளை. அது எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுப்போடும், கொரோனா முடியுமட்டும் நிப்பாட்டி வை" என்று என் பெரியம்மாவே சொன்னார். அன்பினால் சொன்னதுதான். நான் கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டேன். "நிப்பாட்டினால்தான் ஆபத்து" என்றார் அவர். பம்பிலிருந்து வருவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. முட்டு, அதாவது மூச்சுத் திணறல், கடுமையானால் தருகிற பிரெட்னிசொலோன் குளிசையோ மில்லிகிராம் கணக்கு, முழு உடம்புக்கும் போகிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்று விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் காலையும் இரவும் மண்ணிறப் பம்பை விடவில்லை.

2021 ஆகஸ்டில், டெல்டா பரவிய நேரம், முதலில் கணவருக்கு, பிறகு எனக்கு. காய்ச்சல், உடம்பு உளைவு, தாளிக்கிற பெருஞ்சீரகத்தின் வாசம்கூடத் தெரியவில்லை. பிறகு இருமல். இரவில் நெஞ்சு இறுகும், முட்டு வந்த நேரம் இழுக்கிற நீலப் பம்பை ஸ்பேசர் என்ற குழாயில் வைத்து இழுத்தால் இளகும். பக்கத்து வீட்டு அண்ணை, விரலில் மாட்டி இரத்தத்தில் ஒக்சிசன் எவ்வளவு என்று பார்க்கிற ஒக்சிமீற்றரை வேலிக்கு மேலால் தந்தார். அது 95, 96 என்றே காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இரவுகளில் தூங்கினேன்.

ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கொரோனாவை விரட்டவென்று வீட்டுக்கு வீடு வேப்பிலையும் சாம்பிராணியும் புகைத்தார்கள். தொய்வு உள்ளவருக்குப் புகை, எந்தப் புகையானாலும், எதிரி. எங்கள் வீட்டில் புகைக்க வேண்டாம் என்று மாமியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் மனம் வருந்தினாலும் விட்டுவிட்டார். மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தார், அது தொண்டைக்கு இதமாக இருந்தது.

முள்ளியவளையிலிருந்து

அக்கா, உங்கள் பதிவை வாசித்ததும் என் அப்பாதான் கண்ணுக்குள் வந்தார். அவருக்கும் தொய்வு, கமக்காரர். மூச்சு நன்றாக இருந்தால் மருந்து தேவையில்லை என்பது அவருடைய நியாயம். 2020இல் கிளினிக் மருந்தைத் தபாற்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்த காலத்திலும், மண்ணிறப் பம்ப் உடைக்கப்படாமல் அலுமாரியில் கிடந்தது. நீலத்தை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். கடைசியில் வயலுக்குப் போகமுன்னும் வந்தபின்னும் அது இல்லாமல் முடியாது என்ற நிலை. அதுவே தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அடையாளம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

காய்ச்சல் வந்தபோது வழக்கமான முட்டு என்றே எல்லோரும் நினைத்தோம். ஒரு தனியார் மருந்தகத்திலும் அப்படியே சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். ஆனால் இந்த முறை மாதிரி வேறு. முட்டு என்றால் அப்பாவுக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும், நீலப் பம்பை இழுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். இதில் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. பம்பை இழுத்தும் மாற்றமில்லை. "தண்ணி... கொண்டா..." என்று இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்கினார். ஆனாலும் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார். ஒக்சிமீற்றர் 88 காட்டியதும் தம்பி 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒக்சிசனும் டெக்சாமெதசோனும் கொடுத்தார்கள். ஸ்டீரொய்ட் என்று பயந்து பம்பை நிறுத்தச் சொன்ன அதே வன்னியில், அந்த ஸ்டீரொய்ட் மருந்துதான் அவரைக் காப்பாற்றியது. ஒக்சிசன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அது உயிர் காக்கும் என்று பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே காட்டிவிட்டதாம். ஒக்சிசன் தேவைப்படாதவருக்கு அதனால் பயன் தெரியவில்லை என்பதையும் டொக்டர் சொன்னார். அதனால் யாரும் தாங்களாகப் பாமசியில் வாங்கிப் போடாதீர்கள்.

வாட்டில் நெபுலைசரை, அதாவது மருந்தைப் புகார் போலாக்கித் தருகிற மெஷினை, முடிந்தளவு தவிர்த்தார்கள். அது கிருமியைக் காற்றில் பரப்பலாம் என்ற கவலை. பம்பும் ஸ்பேசரும்தான். ஸ்பேசர் இல்லாதவர்களுக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளையிட்டுக் கொடுத்தார்கள். அப்பா வீட்டிலும் அப்படித்தான் இன்றுவரை இழுக்கிறார். மண்ணிறத்தையும் சேர்த்துத்தான்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தாதி

இரண்டு பேரும் எழுதியதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அதை ஆய்வுகளும் சொல்கின்றன. இங்கிலாந்தில் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வளர்ந்தவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020இல் வெளிவந்த ஓப்பன்சேஃப்லி ஆய்வில், அண்மையில் ஸ்டீரொய்ட் குளிசை எடுக்காத தொய்வுக்காரருக்குக் கொரோனாவால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. அண்மையில் குளிசை எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடியிருந்தது. குளிசை ஆபத்தைக் கொண்டுவந்தது என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். குளிசை வரைக்கும் போகிற தொய்வு கடுமையான தொய்வு, அவ்வளவுதான். ஸ்கொட்லாந்திலும் அப்படித்தான்: முந்தைய இரண்டு வருடத்துக்குள் தொய்வுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும், இரண்டு அல்லது கூடிய தடவை குளிசை எடுத்தவர்களும் கொரோனாவால் வாட்டுக்குப் போவது கூடுதலாக இருந்தது.

ஆகவே தொய்வு இருக்கிறதா என்பதோடு கேள்வியை நிறுத்தக்கூடாது. அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கட்டுப்பாட்டில் வைத்திருப்பது மண்ணிறப் பம்ப். வைரஸ் ஒட்டிக்கொள்கிற ஏசிஈ2 என்ற புரதம், உள்ளிழுக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவரின் மூச்சுக்குழாயில் குறைவாக இருந்ததையும் கண்டிருக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பியூடெசொனைட் பம்பைக் கொரோனா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த வயதானவர்கள் சில நாள் முன்னதாகச் சுகமானார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் பயத்தைப் போக்கத்தான், தொய்வு இல்லாதவர்கள் பம்ப் வாங்கி இழுப்பதற்காக அல்ல.

இன்னொன்று என் மனதில் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கினால் எல்லாமே தொய்வுதான். நெடுநாள் பீடி, சுருட்டுப் புகைத்த ஐயாக்களுக்கும், விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்த அம்மாக்களுக்கும் இருப்பது பல நேரம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சீஓபீடி என்பார்கள். தொய்வில் குறுகுகிற குழாய் மருந்தால் பெரும்பாலும் திரும்ப விரியும். இதில் சேதம் முழுதாகத் திரும்பாது. கொரோனா இவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. வேலை செய்த காலத்தில் தங்களுக்கு லேசான முட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டு வந்து, மூச்சுக்குப் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். எது இருக்கிறது என்று ஊதிப் பார்க்கிற பரிசோதனை ஒன்று சொல்லிவிடும். தயவுசெய்து கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

மாங்குளத்திலிருந்து

எனக்குத் தொய்வும் உண்டு, 2009இல் நெஞ்சில் பட்ட ஷெல் துண்டும் உண்டு. கொரோனாவோடு போனபோது எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்ததும் எல்லோரும் அதைப் பற்றியே கேட்டார்கள். நான்தான் கிளினிக் கொப்பியை நீட்டி, "எனக்குத் தொய்வு, இந்த இந்த மருந்து, பம்ப் கையிலேயே இருக்கு" என்றேன். அப்புறம்தான் சரியான வழிக்கு வந்தது. எங்களைப் போலக் காயம் பட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். தொய்வும் இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

மல்லாவியிலிருந்து

எனக்கு இரண்டு கேள்வி. அஸ்மா உள்ளவர்களுக்குத் தடுப்பூசி கூடாது என்று சொல்லி என் மச்சாள் சினோபார்ம் போடாமலே விட்டுவிட்டா, அது சரியா? மற்றது, 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் பம்ப் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு தெரியும். மண்ணிறப் பம்பை ஒருநாள் விட்டு ஒருநாள் இழுத்துச் சமாளித்தோம். திரும்ப அப்படி வந்தால் என்ன செய்வது?

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தாதி

தங்கச்சி, தொய்வு தடுப்பூசிக்குத் தடையே இல்லை. முன்பு போட்ட அதே ஊசிக்கோ அதில் உள்ள ஒரு பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்தான் டொக்டரிடம் கேட்க வேண்டும். தொய்வு பொங்கியிருக்கிற அன்று மட்டும் அடங்கும்வரை தள்ளிப் போடலாம்.

மருந்துத் தட்டுப்பாடு வந்தால் நீங்களாக அளவைக் குறைக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அதே வேலையைச் செய்கிற வேறு பம்போ, உறையைப் போட்டு உறிஞ்சுகிற தூள் மருந்தோ இருந்தால் மாற்றி எழுதித் தருவார்கள். பம்ப் முடியும்வரை காத்திருக்காமல் முதலே போவது நல்லது. பம்ப் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்துதான் பலர் மருந்தை விடுகிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து

மிஸ்ஸிக்கு மிக்க நன்றி. கேட்டவர்களுக்காக, நான் காய்ச்சல் நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். ஒக்சிமீற்றர் 94க்குக் கீழே இறங்குவது, நீலப் பம்ப் இழுத்து நான்கு மணித்தியாலம் ஆகமுன் திரும்பத் தேவைப்படுவது, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் போவது. இதில் ஏதாவது ஒன்று வந்தால் விடியட்டும் என்று பாராமல் 1990க்கு அடிப்பது என்று கணவரும் நானும் பேசி வைத்திருந்தோம். எனக்கு அந்தத் தேவை வரவில்லை. இருமல் மட்டும் காய்ச்சல் விட்ட பிறகும் பல வாரம் இழுத்தது, அதற்கும் கிளினிக்கில் காட்டித்தான் மருந்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

முள்ளியவளைத் தங்கச்சி, அப்பாவுக்கு அந்த ஊதிப் பார்க்கிற பரிசோதனை செய்தீர்களா? இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.