கோவில்பட்டி கரிசலில் தசேரி: பூ இருக்கிறது, காய் நிற்கவில்லை

கரிசல்தசேரி (2024 மே)

எல்லோருக்கும் வணக்கம். ரயில்வே வேலையில் 11 வருஷம் லக்னோவில் இருந்தவன் நான். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது லக்னோ பக்கத்து மலிகாபாத்தில் 2 தசேரி மா ஒட்டுக்கன்று வாங்கி, வேர்மண் உதிராமல் ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் என் படுக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். 2014 ஆடியில் கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வைத்தேன். ஒன்று அந்த ஐப்பசி மழையிலேயே வேர் அழுகிப் போய்விட்டது. கரிசல் மண்தானே, தண்ணீர் நின்றால் பத்து நாளைக்கு வடியாது. மிஞ்சியதற்கு மேடு கட்டி, இரண்டு டிராக்டர் செம்மண் அடித்துக் காப்பாற்றினேன்.

மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. 2019ல் முதல் பூ. அதற்கப்புறம் தை பிறந்தால் ஏதாவது ஒரு பக்கம் பூத்துவிடும். 2022ல் இலை தெரியாமல் பூத்தது. பிஞ்சும் பிடிக்கிறது. ஆனால் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடுகிறது. பூங்கொத்தின் நுனியில் பத்துப் பதினைந்து பிஞ்சு ஒன்றாகத் தொங்கும், கரும்பச்சையாக, மூக்கு வளைந்து. "உங்க மரம் ஜிமிக்கி போட்டிருக்கு" என்று என் மனைவி கேலி செய்வாள். ஒரு மாதம் தொங்கிவிட்டு எல்லாம் உதிர்ந்துவிடும். ஒன்றை பிளேடால் அறுத்துப் பார்த்தேன். பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாகச் சுருங்கிய ஒரு தோல், அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் இந்த மரத்தில் நாங்கள் தின்ற பழம் மொத்தம் 19. நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

மருந்துக் கடையில் கேட்டால் பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி என்றார்கள். 2022ல் பூ நன்றாக விரிந்திருந்த நேரம் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை மருந்து அடித்தேன். அத்தனை பூப் பூத்த அந்த வருஷம்தான் ஒரு பழம்கூட இல்லை. பூ வரவழைக்கிற கல்டார் மருந்தை ஊற்றிப் பார் என்கிறார் இன்னொருவர். "வடக்கத்தி மரம் இங்க காய்க்காது, வெட்டிட்டு வேப்பமரம் வைங்க" என்கிறான் மச்சினன். குளிர் இல்லாததுதான் காரணமா? சுற்றிலும் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, ஓடையோரம் பனை. மாமரம் என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் இது ஒன்றுதான்.

மலிகாபாத்தில் சாயங்காலம் வாளித் தண்ணீரில் பழத்தை ஊறப்போட்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, காம்புப் பக்கம் கடித்து உறிஞ்சுவார்கள். நார் என்ற பேச்சே கிடையாது. அந்த மணம் இந்த 19 பழத்திலும் இருந்தது. அதனால்தான் கோடாலி எடுக்க மனம் வரவில்லை.

செவல்மண்

ராஜபாளையத்தில் இருந்து. எங்கள் ஊர் மாவிலேயே சப்பட்டை இருக்கிறது, பஞ்சவர்ணம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் நல்ல கன்று கிடைக்கும்போது லக்னோவில் இருந்து எதற்கு ஐயா? மச்சினன் சொல்வது சரி.

ஒட்டுக்கத்தி

அண்ணாச்சி, வெட்டிவிடாதீர்கள். நான் நத்தம் பக்கம். 30 வருஷமாக ஒட்டுக் கட்டுவதுதான் பிழைப்பு. கல்லாமை, காசாலட்டு, பங்கனப்பள்ளி என்று ஊருக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுப்பேன். என் தோட்டத்தில் மட்டும் வெளியூர் மரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டம்மா வைத்த பெயர்தான் சரியான பெயர். உத்தரப்பிரதேசத்தில் இந்தக் கோளாறை ஜும்கா என்றுதான் சொல்கிறார்கள். ஜும்கா என்றால் ஜிமிக்கியேதான். தசேரியில் இது அதிகம் வரும். மகரந்தம் சேராத பிஞ்சு அப்படித்தான் கொத்தாகத் தொங்கி, கோலிக்குண்டு அளவில் நின்று, கொட்டிப்போகும். நீங்கள் அறுத்துப் பார்த்துப் பருப்பு இல்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும் எனக்கு.

தசேரிக்குத் தன் மகரந்தம் தனக்குச் சேராது. அதே மரத்துப் பூ என்றாலும் சரி, பக்கத்தில் இன்னொரு தசேரி நின்றாலும் சரி, பிரயோசனம் இல்லை. இரண்டும் ஒரே தாய்மரத்தில் இருந்து ஒட்டாக வந்தவை, ஒரே உடம்பு மாதிரி. லங்கடா, சௌசா என்ற வடக்கத்தி மா ரகம் இரண்டுக்கும் இதே குணம் உண்டு. மலிகாபாத் தோப்புகளில் தசேரிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தசேரிக்குத் துணையாக பம்பாய் பச்சை ரகத்தை வைக்கச் சொல்வது அங்கே வழக்கம். உங்கள் மரம் பனைக்கும் பருத்திக்கும் நடுவே ஒற்றையாக நிற்கிறது. 19 பழம் வந்ததே எனக்கு ஆச்சரியம். எங்கிருந்தோ ஒரு ஈ மகரந்தத்தோடு வந்திருக்க வேண்டும்.

ஈ என்றதும் அடுத்த விஷயம். மாம்பூவுக்கு வேலைக்காரன் தேனீ மட்டும் இல்லை. ஈதான் முக்கியம், அதிலும் அந்தப் பெரிய பச்சை ஈ. பூ விரிந்த நேரத்தில் மூன்று தடவை மருந்து அடித்தது தத்துப்பூச்சியோடு அதையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. தத்துப்பூச்சிக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் பூங்கொத்து மொட்டாக நீளும்போது ஒரு தடவை, பிஞ்சு பிடித்த பிறகு தேவைப்பட்டால் ஒரு தடவை. விரிந்த பூவில் கை வைக்காதீர்கள்.

குளிர் பற்றிக் கேட்டீர்கள். பாதி உண்மை. மாமரம் பூவெடுக்க வறட்சியும் குளிர்ந்த இரவும் வேண்டும். லக்னோவில் மழை புரட்டாசியோடு முடிந்துவிடும், அப்புறம் வறட்சி, ஜனவரியில் இரவு 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். மரம் முழுக்க ஒரே மூச்சில் பூக்கும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையே. மரம் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் குடித்துத் துளிர் விடுகிறது. துளிர் விட்ட கிளை அந்த வருஷம் பூக்காது, விடாத கிளை பூக்கும். ஒரு பக்கம் மட்டும் பூப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் உங்கள் சிக்கல் பூ இல்லை, காய். அதனால் கல்டார் வேண்டாம். அது பூவை வரவழைக்கிற மருந்து. அளவு கூடினால் பூங்கொத்து குறுகிக் கட்டையாகிவிடும், மண்ணிலும் ரொம்ப நாள் தங்கும். வீட்டு மரத்துக்கு எதற்கு அந்த வம்பு?

செய்ய வேண்டியது, அந்த மரத்திலேயே ஒரு கிளையை வேறு ரகமாக மாற்றுவது. மேற்குப் பக்கம் கட்டைவிரல் கனத்தில் ஒரு கிளையை ஆடிக்கு முன்னால் வெட்டிவிடுங்கள். வெட்டின இடத்தில் புதுத்துளிர் வந்து செம்பு நிறம் மாறும்போது ஒட்டு. ஒட்டுக்குச்சி பென்சில் கனத்தில், மூன்று நாலு மாதம் முற்றியதாக இருக்கட்டும். எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டுவிட்டால் கண் பருத்து நிற்கும். காம்பைத் தொட்டதும் உதிர்ந்தால் குச்சி தயார். ஆப்பு மாதிரிச் சீவி, பிளவில் இறக்கி, இறுக்கிக் கட்டி, மேலே குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்துவிடுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற அதே கவர்தான். மூன்று வாரத்தில் கண் விரியும், அப்புறம் கவரை எடுத்துவிடலாம்.

என்ன ரகம் கட்டுவது என்றால் நான் நீலம் என்பேன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்ம ஊர் நீலத்தையும் இந்தத் தசேரியையும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்து, 1970களிலேயே புது ரகங்களை வெளியிட்டுவிட்டார்கள். நீலம் தாய், தசேரி தகப்பன் என்றால் மல்லிகா. மாற்றிப் போட்டால் அம்ரபாலி. தசேரியும் நீலமும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் பழக்கத்தில் நேரெதிர். நீலம் வருஷா வருஷம் காய்க்கும், அதற்காகத்தான் அதைப் பிடித்தார்கள். டெல்லியில் பிறந்த மல்லிகா என் தோட்டத்தில் தசேரியைவிட ஒழுங்காகக் காய்க்கிறது. ஒன்றே ஒன்று, அதை மரத்தில் பழுக்க விடக்கூடாது. முற்றியதும் பச்சையாகப் பறித்து இரண்டு வாரம் வைக்கோலில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டுப் புளிக்கிறது என்று திட்டியவர்கள் நிறையப் பேர். நானும் முதல் வருஷம் திட்டினேன்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்கிலிருந்து இனிமேல் கன்று கொண்டுவராதீர்கள். பூங்கொத்து முழுக்கப் பந்து மாதிரி உருண்டு திரளும் ஒரு நோய் அங்கே அதிகம். நம் பக்கம் அது அபூர்வம். கன்றோடு அதையும் ரயிலேற்றிவிட்டால் போச்சு.

பர்கூர்க்காரன்

நான் கிருஷ்ணகிரி மாவட்டம். எங்களிடம் அல்போன்சா நிறைய. கர்நாடகாவில் பாதாமி, சேலம் பக்கம் குண்டு, கொங்கணில் ஹாபூஸ், மரம் ஒன்றுதான். எங்கள் மேட்டு நிலத்தில் மார்கழி, தை இரவு நன்றாகக் குளிரும், பூவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் இல்லாதது பூவுக்கு மட்டுமில்லை. பழத்தை அறுத்தால் உள்ளே பஞ்சு! வெளியே தங்கம் மாதிரி இருக்கும், கொட்டையை ஒட்டி வெள்ளையாக, புளிப்பாக ஒரு சதை. வாங்கினவர் வீட்டில் போய் அறுத்துப் பார்த்துத்தான் நம்மைத் திட்டுவார். கொங்கண் ரத்னகிரியிலும் இது உண்டு, அதனால் இடம் மாறியதன் குற்றம் என்று சொல்ல மாட்டேன். முழுக்க முற்றும்வரை விடாமல் கொஞ்சம் முன்னாலேயே பறித்து, வெயில் தரையில் குவிக்காமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்த பிறகு எனக்குப் பாதியாகக் குறைந்தது. மரத்தடியில் சருகு மூடாக்கும் போடுகிறேன்.

ஆனால் விலை? 2018ல் கொங்கண் ஹாபூசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் எங்களுக்கு வராது, வரவும் கூடாது. பெட்டியில் கிருஷ்ணகிரி என்று பச்சையாக எழுதித்தான் விற்கிறேன்.

கொடிகாமம்

அண்ணை, உங்கட கதை வாசிக்க எங்கட சித்தப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்றை 90களில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டு வளவில் கொண்டுபோய் வைத்தவர். மரம் கூரைக்கு மேலே போய்விட்டது. பூக்கும், பூத்த கிழமையே மழை வரும், பூவெல்லாம் கரியாகிப் போகும். எங்கட கிணற்றடி மரம் பனியிலே பூத்து வெயிலிலே காய்க்கிறது. அங்கே அந்த வெயில் இல்லை. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு வருசமும் பூவைப் படம் எடுத்து அனுப்புவார்.

கரிசல்தசேரி

ஒட்டுக்கத்தி தம்பி, மூன்று தடவை வாசித்தேன். மலிகாபாத்தில் வரிசைக்கு நடுவே நின்ற வேறு மரங்களை நானும் பார்த்திருக்கிறேன். கன்று மாறிப்போய் நட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்! ஆடிக்கு முன்னால் கிளையை வெட்டிவிடுகிறேன். ஆனால் ஒட்டு பூக்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகுமே, எனக்கு 68 வயது. அதுவரை ஏதாவது வழி உண்டா?

ஒட்டுக்கத்தி

உண்டு. உங்கள் மரம் பூக்கும் அதே வாரம் வேறு ரகத்தின் பூங்கொத்தை, பாதி விரிந்ததாகப் பார்த்து, முழம் நீளத்துக்கு வெட்டி வாருங்கள். தண்ணீர் வாளியில் நட்டுக் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஈ வருவதற்கு ஒரு சிரட்டையில் கருவாட்டுத் தலை வையுங்கள். வீட்டம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

செவல்மண்

பூ எங்கள் தோப்பில் இருக்கிறது. சப்பட்டை, நீலம் இரண்டும். பூத்ததும் சொல்லுங்கள், பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.

கரிசல்தசேரி (2025 ஏப்ரல்)

தகவல் சொல்ல வந்தேன். நீல ஒட்டு இரண்டில் ஒன்று பிடித்து ஒரு முழம் துளிர் விட்டிருக்கிறது. தை கடைசியில் கிழக்குப் பக்கம் பூத்தது. ராஜபாளையத்து ஐயா சொன்ன சொல் மாறாமல் நாலு தடவை பஸ்ஸில் பூ அனுப்பினார். ஈரத்துணி சுற்றி, வாழைமட்டையில் கட்டி. பழைய பெயின்ட் வாளி மூன்றை மரத்தில் தொங்கவிட்டேன். சாளைக் கருவாட்டுத் தலைக்கு வந்தது ஈயா படையா என்று தெரியவில்லை. கூடவே இரண்டு பூனை. என் மனைவி பத்து நாள் பின்கட்டுக் கதவைத் திறக்கவில்லை. மருந்து ஒரு சொட்டு அடிக்கவில்லை.

ஜிமிக்கி இந்த வருஷமும் இருந்தது, ஆனால் வாளி தொங்கிய கிளைகளில் குறைவு. எலுமிச்சை அளவைத் தாண்டி 43 காய் நின்றது. நேற்றைய காற்றில் ஒன்று விழுந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து, அறுவாமனையில் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே வெள்ளைப் பருப்பு, முழுசாக. படம் எடுத்து வருவதற்குள் என் மனைவி அதைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிவிட்டாள். 42 இருக்கிறது.