சின்சோனில் கவிச்சி இல்லாமல் சாப்பிட வழி உண்டா?

சியோலில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு உதவி. யோன்செ பல்கலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வகுப்பு முடிந்ததும் கூட்டாளிகள் எல்லோரும் பக்கத்துப் பகுதியான சின்சோனில் ஒரு சின்னக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். வாசலில் உள்ள திரையைத் தட்டி ஆர்டர் செய்ய வேண்டும், தண்ணீரை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். கரண்டி மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாமல் முதல் நாள் திருதிருவென விழித்தேன்!

சிக்கல் என்னவென்றால், நான் முட்டை வரைதான். "கோகி ப்பே ஜுசேயோ" என்றால் இறைச்சியை எடுத்துவிடுகிறார்கள், சரி. ஆனால் தொக்பொக்கியில் (காரமான அரிசி மாவுத் துண்டுகள்) மீன் கேக், சூப்பில் நெத்திலிக் கருவாடு, கிம்ச்சியிலேயே (புளிக்கவைத்த காரக் கோஸ்) உப்பிட்ட இறால். நேற்று கிம்பாப்பில் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) ஹாம் வேண்டாம் என்றேன். அந்த அம்மா அன்பாகத் தலையாட்டி, பதிலுக்கு நண்டுக் குச்சியை இரண்டாக வைத்துச் சுருட்டித் தந்தார்.

மீன், கருவாடு எதுவும் வேண்டாம் என்பதைக் கொரிய மொழியில் சுருக்கமாக எப்படிச் சொல்வது? திரையில் ஆர்டர் எடுக்கும் கடையில் அதை யாரிடம் சொல்வது? சைவக் கடை முகவரி வேண்டாம், இவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட ஆசை. அப்புறம், பிபிம்பாப்புக்கு (காய்கறியோடு கலந்து சாப்பிடும் சோறு) வரும் கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுதில் மாட்டிறைச்சி கலப்பார்களாமே, எல்லாக் கடையிலுமா?