புதுப்பிப்பு: எண்ணெயைக் கழுவினால் பிளேடு தப்புமா?

கேஸ் டர்பைனின் (எரிபொருளை எரித்து வரும் சூடான வாயுவால் சுழலும் இயந்திரம்) பிளேடுகளை எரிபொருள் எண்ணெயில் உள்ள அழுக்கு எப்படி அரிக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு செம்பூரிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார்: "எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவிட்டா வேலை முடிஞ்சுதா தம்பி?"

பாதி முடியும். சோடியம், பொட்டாசியம் உப்புகள் தண்ணீரில் கரைபவை. கழுவி, சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றித் தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்கும் கருவி) சுற்றினால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெயில் இருக்கும் வெனேடியம் என்ற உலோகம் அப்படியில்லை. எண்ணெயின் கரிமச் சேர்மங்களோடு பிணைந்தே வருகிறது. எரிந்ததும் வெனேடியம் பென்டாக்சைடு ஆகி, சுமார் 690 டிகிரி செல்சியஸிலேயே உருகி, பிளேடைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். அதனால்தான் மக்னீசியம் சேர்க்கிறார்கள், வழக்கமாக வெனேடியத்தின் எடையைப் போல் 3 மடங்கு. அப்போது உண்டாகும் மக்னீசியம் வெனடேட் 1,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், சாம்பலாகப் படியும். அந்தச் சாம்பலை அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்திக் கழுவ வேண்டும், அது தனித் தலைவலி.

அப்புறம், மும்பை மாதிரி கடலோர ஊரில் உப்பு காற்றோடும் உள்ளே வரும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் இரண்டும் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகும். அதன் உருகுநிலை 884 டிகிரி, உருகினால் அதுவும் பிளேடை அரிக்கும். அதனால் இங்கே எண்ணெய்ச் சோதனைக்குத் தரும் கவனத்தைக் காற்று ஃபில்டருக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி. பிளேடின் மேல் பூசும் குரோமியம் பூச்சு பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த பதிவில் சொல்கிறேன்.