மறு: ஷிஃப்ட் லிங்கேஜுக்கு ‘துலாத்தொடர்’ சரி வருமா

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஷிஃப்ட் லிங்கேஜ்ங்கறது கையில புடிக்கிற கியர் லிவரோட அசைவக் கியர் பெட்டி வரைக்கும் கொண்டு போற ராடு, லிவர் கூட்டம். அதுக்குத் தமிழ்ல ‘துலாத்தொடர்’னு நான் சொன்னதுக்கு வந்த பதில் இது:

> பற்சக்கர மாற்று இணைப்பமைவு. இதுவே போதுமே ஐயா.

போதாதுங்க. நீளத்தக் கூட விட்டுர்றேன், என் சண்டை ‘இணைப்பு’ங்கற சொல்லோட. மின்சாரமும் இணைப்பு, கேஸும் இணைப்பு, இந்த மடல்ல ஒரு போட்டோ வச்சு அனுப்புனா அதுவும் இணைப்பு. எது எதோட சேந்திருக்குன்னு சொல்லுதே ஒழிய சேந்து என்ன வேலை பாக்குதுன்னு சொல்லல.

நான் இவ்ளோ முரண்டு புடிக்கக் காரணம் என் ஃபியட்டு. பழைய பத்மினி, 1089 சிசி, ஸ்டியரிங் தண்டுலயே கியர் போடற வண்டி. அதுல வேற வண்டியோட அஞ்சு கியர் பெட்டிய ஏத்துனோம், பெட்டி நல்லாத்தான் உக்காந்துச்சு, ஆனா அதோட கியர் குச்சி நேரா முன் சீட்டுக்கு அடியில வந்து முட்டுது. சரின்னு நாலு விரக்கடை விட்டுட்டு குச்சிய அறுத்து, ஒண்ணரை அடி முன்னாடி புதுசா ஒரு லிவர் வச்சு, ரெண்டுக்கும் நடுவுல ராடு போட்டோம் (பக்கவாட்டு அசைவுக்குத் தனி ராடு, அது தொந்தரவு பண்ணல). ஒண்ணாம் கியருக்கு முன்னாடி தள்ளுறேன், ரெண்டுல விழுது. மூணுக்குப் போனா நாலு. அஞ்சு இருக்க வேண்டிய எடத்துல ரிவர்ஸ் உக்காந்திருக்கு!

கும்பகோணத்துல நம்ம லேத்துக்காரர் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு சிரிச்சார். ஏத்தம் பாத்திருக்கீங்கல்ல, ஒரு பக்கம் அமுக்குனா மறுபக்கம் தூக்கும், லிவரும் அந்த ஏத்தத்தோட குறுக்குக் கட்டை மாதிரி ஒரு தொலாதாங்க (துலா), ஆணிக்கு மேல கை முன்னாடி போனா ஆணிக்குக் கீழ கால் பின்னாடி போவும், ராடு அதத்தான் கொண்டு போயி குச்சிகிட்ட குடுக்குது, நடுவுல இன்னொரு தொலா போடுங்க நேராயிரும்னார். போட்டோம். குட்டையா ஒரு பட்டை, நடுவுல ஆணி, கீழ் முனையில வர்ற ராடு, மேல் முனையில போற ராடு. ஒண்ணு ஒண்ணா விழுந்துச்சு.

அப்ப தோணுனதுதான் ‘துலாத்தொடர்’. எத்தனை துலான்னு எண்ணுனாலே திசை தெரிஞ்சிரும். அளவும் அதுலயே இருக்கு. என் லிவர் ஆணிக்கு மேல 24 செ.மீ., கீழ 4 செ.மீ., ஆறுக்கு ஒண்ணு. குச்சி 1.5 செ.மீ. நகர கை 9 செ.மீ. போவணும். அதே கணக்குதான் வில்லனும்: மூட்டுல 1 மி.மீ. ஆட்டம் இருந்தா குமிழ்ல 6 மி.மீ. ஆடும். மொதல்ல ரப்பர் புஷ் போட்டுட்டு நியூட்ரல் எங்கன்னே தெரியாம சோறு கிண்டுற மாதிரி கிண்டிகிட்டிருந்தேன். அப்புறம் ராட் எண்ட் பேரிங் (ராடு முனையில எந்தப் பக்கமும் திரும்புற உருண்டை மூட்டு) போட்டேன், ராடோட ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை, ராடக் கழட்டாமலே திருகி நீளத்தக் கூட்டிக் கொறைக்கலாம், ஒடனே லாக் நட்டு. (ராட் எண்ட் பேரிங்குக்குப் பேரே தேட வேணாம், பள்ளிக்கூடப் புத்தகத்துல இடுப்பெலும்புக்குப் போட்ட ‘பந்துக் கிண்ண மூட்டு’ இருக்கு.) எல் மாதிரி வளைஞ்சு திசைய மடக்குற பெல் கிராங்குக்கு ‘முழங்கைத் துலா’ங்கறேன்.

துலான்னா ராசியில்ல ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எங்களுக்கு அதுக்கு முன்னாடி மாயவரம் காவிரித் துலாக்கட்டமும் ஐப்பசி முழுக்கும் ஞாபகம் வரும், அதனால என்ன, எல்லாம் அதே தராசுக் கோல்தான். ஆத்துப் பாசன ஊர்ல ஏத்தம் ஏதுன்னு இன்னொரு கேள்வி. வயலுக்கு வாய்க்கா இருந்துச்சு, கொல்லைக் கெணத்துக்கு?

ஒரு எடத்துல மட்டும் நான் மாட்டிகிட்டேன். இப்ப வர்ற, முன்சக்கரத்துல இழுவை இருக்குற வண்டிங்க நெறயத்துல ராடு கெடையாது, கேபிள். அதுக்குத் துலாத்தொடர் செல்லாது. ‘வடம்’னு வைக்கலாம்னு பாத்தா திருவாரூர்த் தேர் வடத்தால இழுக்கத்தான் ஆவும், தள்ள ஆவாது, கியர் கேபிள் ரெண்டும் செய்யும். இழுக்கவும் தள்ளவும் ஆவுற கயித்துக்கு உங்க ஊர்ல என்ன சொல்றாங்க?