ஸ்டோன்ஹெஞ்ச் சூரிய உதயக் கணக்கு: முக்கால் டிகிரி இடிக்கிறது

கணக்கு டீச்சர்:
பத்தாம் வகுப்புக்குத் திரிகோணமிதி எடுக்கிறேன். "சைன், கோசைனெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகளுக்காக, ஜூன் 21 அன்று சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்று கணக்குப் போட வைத்தேன். பூமியின் சாய்வான 23.44 டிகிரியின் சைனை ஊரின் அட்சரேகையின் கோசைனால் வகுத்தால், வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணத்தின் கோசைன் கிடைக்கும். திருச்செந்தூருக்கு 66.3 வந்தது. முந்தின நாள் உச்சிவேளை நிழலில் வடக்குக் கோடு போட்டு, குச்சி நட்டு நூல் கட்டி வைத்தோம். மறுநாள் கடலில் சூரியன் அந்த நூலுக்கு நேரே எழுந்ததும் பிள்ளைகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

அதே கணக்கை இங்கிலாந்தில் பழங்காலத்தில் பெரிய கற்களை வட்டமாக நட்ட ஸ்டோன்ஹெஞ்சுக்கு (51.18 வடக்கு) போட்டால் 50.6. ஆனால் அந்த உதயத்தை நோக்கி இருப்பதாகச் சொல்லும் அதன் நடு அச்சு 49.9 என்று படித்தேன். எங்கே தவறு?

பழைய சர்வேயர்:
டீச்சர், உங்கள் சூத்திரம் சரி. அது காற்றே இல்லாத, அடிவானம் மேடில்லாமல் சமமாக உள்ள பூமிக்கான கணக்கு.

நம்ம பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். எந்த நொடியில் பார்த்தாலும் திசை அதிகம் மாறாது; அதனால்தான் உங்கள் நூல் பொய் சொல்லவில்லை. அங்கே படுசாய்வாக ஏறும். ஒரு டிகிரி உயர்வதற்குள் ஒன்றரை டிகிரிக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். ஆகவே மூன்றைச் சேருங்கள். அடிவானத்தருகே காற்று ஒளியை வளைத்து, சூரியனை அரை டிகிரி போலத் தூக்கிக் காட்டும். வடகிழக்கில் நிலம் சுமார் 0.6 டிகிரி உயர்ந்திருக்கிறது. மூன்றாவது, பூமியின் சாய்வு: கல் நட்ட கி.மு. 2500 வாக்கில் அது 24 டிகிரியை ஒட்டி இருந்தது. இது மட்டுமே திசையை ஒரு டிகிரி வடக்கே தள்ளும்.

நான் போட்டுப் பார்த்தேன். அன்று முதல் கீற்று 49.4-இல், பாதி வட்டம் 49.8-இல், முழு வட்டமும் நிலத்தைவிட்டு எழும்போது 50.2-இல்.

கணக்கு டீச்சர்:
பாதி வட்டம் அச்சோடு பொருந்துகிறதே ஐயா! அப்படியானால் அச்சை வைத்தே கட்டிய ஆண்டைச் சொல்லிவிடலாமா?

பழைய சர்வேயர்:
கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சூரியனில் ஹீலியத்தை அடையாளம் கண்ட நார்மன் லாக்யர் 1901-இல் அதைத்தான் செய்தார். முதல் கீற்றுதான் உதயம் என்று எடுத்துக்கொண்டு, கி.மு. 1680, முன்பின் 200 ஆண்டு என்றார். பின்னால் கல்குழிகளில் கிடைத்த மான்கொம்புகளைக் கார்பன் முறையில் சோதித்தபோது பெரிய கற்களின் காலம் கி.மு. 2500-ஐ ஒட்டி வந்தது.

மேலே உள்ள எண்களையே பாருங்கள். கீற்றுக்கும் முழு வட்டத்துக்கும் இடையே 0.8 டிகிரி. சாய்வு மாறி அதே 0.8 நகர ஏறக்குறைய 3,500 ஆண்டு ஆகும். எதை உதயம் என்றார்கள் என்பதைக் கல் நட்டவர்கள் எழுதிவைக்கவில்லை. நாற்பது வருஷம் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியைப் பிடித்தவன் நான். எந்த விளிம்பைப் பிடித்தேன் என்று புத்தகத்தில் குறிக்காத அளவை நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

தென்மேற்குப் பார்வை:
ஐயா சொல்வதோடு ஒன்று. அதே அச்சைத் திருப்பிப் பார்த்தால் டிசம்பர் 21 மாலை சூரிய அஸ்தமனம். பக்கத்திலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களில் பல சுமார் ஒன்பது மாதக் குட்டிகளுடையவை. வசந்தத்தில் பிறந்தவை என்றால், விருந்து நடந்தது குளிர்காலத்தில். அவர்கள் காத்திருந்தது உதயத்துக்கு அல்ல, அந்த மாலைக்குத்தான் என்பதே என் கட்சி.

கணக்கு டீச்சர்:
இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை கரும்பலகையில் 49.4, 49.8, 50.2 மூன்றையும் எழுதி, எது உதயம் என்று பிள்ளைகளையே கேட்கப் போகிறேன். டிசம்பர் அஸ்தமனத்துக்கு, கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், மேற்கே திறந்த வெளியாகப் பார்த்துக் குச்சி நட வேண்டும்.