கோல் லைனில் பந்து நழுவினால் ஏன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தீர்ப்பு?

புதிய பார்வையாளன் (கேள்வி):
அமெரிக்கக் கால்பந்தை இரண்டு பருவங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். கோல் லைன் (புள்ளி எடுக்கக் கடக்க வேண்டிய கோடு) அருகே நடுவர்கள் சொல்லும் தீர்ப்புகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பந்தோடு ஓடிவருபவர் கையை நீட்டி, பந்தின் நுனி கோட்டைத் தொட்ட அடுத்த நொடியே அது நழுவினாலும் டச்டவுன், அதாவது 6 புள்ளிகள், என்கிறார்கள். ஆனால் எண்ட் ஸோனுக்குள்ளேயே (அந்தக் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி) தாவிப் பிடித்தவர் தரையில் விழும்போது பந்து நழுவினால், 6 புள்ளிகள் இல்லை என்கிறார்கள். இது எந்த நியாயத்தில் என்று யாராவது விளக்க முடியுமா?

மேகலை:
வீரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். பந்து யார் வசம் இருக்கிறது என்று பாருங்கள். ஓடுபவரிடம் பந்து ஏற்கெனவே இருப்பதால், அது கோட்டின் மேல் எழும் கற்பனைச் சுவரைத் தொட்டதுமே அந்த முயற்சி முடிந்துவிடுகிறது. பிறகு நழுவினாலும் கணக்கில் வராது. வீசப்பட்ட பந்தோ, பிடித்து முடிக்கும்வரை எவருக்கும் சொந்தமில்லை. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) விதிப்படி பிடி உறுதியாக இருக்க வேண்டும், இரண்டு பாதங்கள் எல்லைக்குள் பட வேண்டும், அதன் பின் மூன்றாம் அடி வைப்பது அல்லது பந்தை நீட்டுவது போன்ற ஒரு செயலையோ, அதைச் செய்யப் போதுமான நேரத்தையோ காட்ட வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் ஒரு பாதமே போதும்.

பழைய ரசிகர்:
மேகலை அவர்கள் சொன்ன அந்த மூன்றாவது நிபந்தனை இப்போதைய வடிவத்துக்கு வந்தது 2018இல்தான். 2015 ஜனவரி 11 அன்று கிரீன் பேயில் டல்லஸ் அணியின் டெஸ் பிரையன்ட், நான்காவது முயற்சியில் (அணிக்குக் கிடைக்கும் நான்கில் கடைசி) தாவிப் பந்தைப் பிடித்து, அடிகள் வைத்து, கோட்டை நோக்கி நீட்டியபடி விழுந்தார். தரையில் மோதிய பந்து ஒரு கணம் மேலே எழும்பியது. முதலில் பிடி என்ற தீர்ப்பு, மறுபரிசீலனையில் மாற்றப்பட்டது. டல்லஸ் 26–21 என்று தோற்றது. கீழே விழுபவர் தரையில் மோதிய பின்பும் பந்தை விடக் கூடாது என்ற அன்றைய விதிக்கு அத்தீர்ப்பு பொருந்தியது என்றாலும், அந்த விதியே தவறு என்பதுதான் என் எண்ணம்.

கிளீவ்லாந்து அன்பர்:
என்னால் இன்றும் ஏற்க முடியாதது வேறொன்று. 2021 ஜனவரி 17 அன்று கான்சஸ் சிட்டியில் எங்கள் ரஷார்ட் ஹிக்கின்ஸ் கோட்டை எட்டக் கையை நீட்டியபோது பந்து தட்டிவிடப்பட்டு, எண்ட் ஸோன் வழியாக வெளியேறியது. மைதானத்தின் வேறெந்தப் பகுதியில் வெளியேறியிருந்தாலும் பந்து எங்களிடமே இருந்திருக்கும். அங்கே என்பதால் டச்பேக் என்று சொல்லி, 20 கெஜக் கோட்டில் எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 22–17 என்று தோற்றோம். நழுவிய இடத்திலேயே பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடரலாமே?

மேகலை:
உங்கள் வருத்தம் புரிகிறது, அன்பரே. ஆனால் அந்தத் தண்டனை இல்லையென்றால், கோட்டருகே மடக்கப்படும் எவரும் துணிந்து பந்தை முன்னே தள்ளிவிடலாம். 1978இல் சான் டியேகோவில் ஓக்லாந்து வீரர்கள் கடைசி நொடிகளில் பந்தை அப்படியே கைமாற்றி உருட்டித் தள்ளி, எண்ட் ஸோனுக்குள் அதன் மேல் விழுந்து வென்றார்கள். அதன் பிறகே, நான்காவது முயற்சியிலும் கடைசி இரண்டு நிமிடங்களிலும், நழுவவிட்டவரைத் தவிர அவருடைய அணியில் வேறெவரும் அந்தப் பந்தை முன்னே கொண்டு செல்லக் கூடாது என்ற விதி வந்தது.