உப்புவெளித் தொடர்மாடி: கிணறு அளக்கக் கைகள் தேவை

வணக்கம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையோரம் வரப்போகிற தொடர்மாடிக்கு ஆட்சேபனை எழுதிக்கொண்டிருக்கிறோம். வெறும் கையெழுத்து கோப்பில்தான் கிடக்கும், அளவுகள் வேண்டும்.

பெரிய பயம் தண்ணீர்தான். இந்த மணல் நிலத்தில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. குழாய்க்கிணறு போட்டு இறைத்து நீர்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறக்கூடும். அதனால் புரட்டாதிக்குள், விடிய மோட்டர் போட முன்னம், கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நாடாவால் அளந்து, மின்கடத்துதிறனையும் (தண்ணீரில் உப்பு கூடக் கூட இது கூடும்) குறிக்க வேண்டும். மாரியில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான் காட்டும், எங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். கடத்துதிறன் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கிழமைக்கு இரவல் தருவீர்களா?

சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் பெருக்கு வழமையாக ஏறும் எல்லை) 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தூரத்தை அளந்து தர உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைத் தேடுகிறோம்.

பிரதேச சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் தனித்தனியே கொடுக்கிறோம்: வரைபடம், கழிவுநீர்த் திட்டம், தண்ணீர் எங்கிருந்து என்ற விபரம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; கையளித்ததற்கு ரசீது வாங்காவிட்டால் அந்த நாட்களை எண்ண முடியாது. வரைபடக் குறிப்புகள் சிங்களத்தில் வந்தால் வாசித்துத் தர யார் இருக்கிறீர்கள்?